தறிக்குழியில் விரித்த சாக்குகள்

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் பழைய சிமென்ட் ஷீட் கூரையைச் சுத்தியலால் உடைத்தார்கள். வெள்ளையாகத் தூசி எழும்பியது. மாடியில் நின்று வேடிக்கை பார்த்த உன் மகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து ஜன்னலைச் சாத்தினேன். "என்னா மாமா, ஊர்ல இல்லாத தூசா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லக் கூடாதென்று நீதானே என் வாயை அடைத்தாய்.

எழுபதுகளில் நான் இதே மாதிரி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்யும் கம்பெனியில் கல்நார் மூட்டை பிரிக்கும் வேலையில் இருந்தேன். ஐப்பசி மழையில் நீ கால் தொங்கவிட்டு நெய்யும் தறிக்குழி ஊறும். மிதிகட்டையில் வைத்த கால் நாள் முழுக்க ஈரத்தில் கிடந்து வெடிக்கும். பார்க்கப் பொறுக்காமல் காலிச் சாக்குகளைக் கொண்டுவந்து குழிக்குள் விரித்தவன் நான்தான். "கால் கதகதன்னு இருக்குதுபா, இன்னும் ரெண்டு எடுத்துக்கினு வா" என்றாய். நானும் பெரிய கொடைவள்ளல் மாதிரி வருஷா வருஷம் கொண்டுவந்தேன். நீ மிதிக்க மிதிக்க, சாக்கில் ஒட்டியிருந்த நார் பொடிந்து உன் மூச்சோடு உள்ளே போனது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து உன் நெஞ்சில் நீர் கோத்தது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் புற்று, மீசோதெலியோமா என்றார் டாக்டர். மூட்டைகளுக்கு நடுவிலேயே கிடந்த நான் நோய்நொடியில்லாமல் கல் மாதிரி இருந்தேன். "கல்நார் தூசி பட்டவங்களுக்குத்தாம்மா பெரும்பாலும் இது வரும். வீட்ல யாராவது அந்த வேலை செஞ்சாங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய்.

"நெசவுக்காரங்க நாங்க. அப்டி யாரும் இல்லீங்க."

வெளியே வந்ததும், "எம் பொண்ணு உன்ன விரோதியா பாக்கக் கூடாது. சொன்னியானா எம் மூஞ்சில முழிக்காத" என்றாய். பாவி நான், அது சௌகரியமாக இருந்ததால் தலையாட்டினேன்.

இன்று மதியம் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அக்கா. அந்த நார் உள்ளே போனால் எத்தனை வருஷம் கழித்தும் வேலையைக் காட்டும், இருமல், மூச்சிரைப்பு என்று எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லிவிடு என்றேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கைக்கொழந்தையில என்னத் தூங்கவெக்க ஏணை எங்க கட்டியிருந்தீங்க மாமா?"

இன்னொரு பொய்க்கு எனக்குத் தெம்பில்லை.

"தறிக்குப் பக்கத்துலதாம்மா" என்றேன். "உங்கம்மா கைக்கு எட்டற மாதிரி."