மடக்குக் கட்டிலில் குறை இல்லை

வளப்பூர் நாடு,
கொல்லிமலை.

அன்பு மகள் பூங்குழலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே அகமதாபாத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் உன் அம்மா பாதியிலேயே பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் கடிதம்.

அடிக்கடி வீடு மாற்றுகிறவர்களுக்கென்று நீ வரைந்து செய்த மடக்குக் கட்டில் பத்திரமாக வந்து சேர்ந்தது. மலை ஈரத்தைத் தாங்குகிறதா என்று மழைக்காலம் முழுக்கப் பார்த்து, ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். ஏதாவது கோளாறு என்றால் நீ வேலை பார்க்கும் கம்பெனியே உன்னை இங்கே அனுப்பும் என்றும் சொன்னாய். அதை நீ சொல்லியிருக்கவே கூடாது. அன்றிலிருந்து உன் அம்மா அந்தக் கட்டிலை ஜென்ம விரோதி மாதிரி பார்க்கிறாள். சாரல் அடிக்கும்போது வேண்டுமென்றே வாசலில் போட்டுவிட்டு வந்தாள். மரவள்ளிக் கிழங்கு மூட்டையை ஏற்றி வைத்தாள். கேட்டால், "புள்ள வந்து பாக்கட்டுமுங்க, ஒரு காலு ஒடிஞ்சா என்ன" என்கிறாள். என்ன செய்தும் ஒடியவில்லை. வீணாகப் போகும் துண்டு மரத்தில், ஓர் ஆணிகூட இல்லாமல் நீ பொருத்தியது நனைந்தும் உப்பவில்லை, ஒரு கையாலேயே மடிக்க முடிகிறது. பக்கத்துத் தோட்டத்துச் செங்கோடன் வருஷா வருஷம் குடும்பத்தோடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போகிறவன், தோளில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதாட்ட ஒண்ணு இருந்தா எம்பட புள்ளைங்க ஈரத் தரையில படுக்க வேண்டாமுங்களே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன வாரம் எனக்கும் புத்தி தடுமாறியது. கட்டில் மூட்டு இறுகி மடிக்க வரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். உன் உழைப்பைப் பொய் சொல்லிக் கெடுக்க மனசு வரவில்லை. பலா கடைசிப் பழத்தில் நிற்கிறது, உனக்கென்று விட்டுவைத்ததைக் குரங்கு தின்று தீர்க்கிறது. உன்னைப் பார்க்காமல் எங்களுக்கு நாள் ஓடவில்லை கண்ணு.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. மறுபடியும் வீடு மாற்றினால் புது விலாசத்தை உடனே எழுது, மிளகும் தேனும் அனுப்ப வேண்டும். நம் மலைத் தெய்வமெல்லாம் உனக்குத் துணை இருக்கட்டும்.

கம்பெனிக்கு நீ காட்ட வேண்டியது இதுதான்: கட்டிலில் ஒரு குறையும் இல்லை. அதைப் பார்க்க நீ வர வேண்டியதில்லை. எங்களைப் பார்க்க வா சாமி.

இப்படிக்கு,
உன் அப்பா
ராசப்பன்