பதினாறு பால்கனிகள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், அப்பா நலம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் கொஞ்சம் முறைத்துக்கொண்டிருக்கிறது. நீ அங்கே தலை முதல் கால் வரை, முழங்காலும் சேர்த்து, சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் இருவரின் நினைப்பும். போனில் சொல்ல வேண்டியதை எதற்கு உட்கார்ந்து எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ மூன்று வரி புத்தி சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான். அக்காவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, பேசினால் காற்றுதான் வருகிறது, ஆனால் வாய் மட்டும் ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. அக்கா உனக்கு ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறாளாம், பிடிக்கிறதோ இல்லையோ போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பிவிடு.

போன மாதம் நீ, இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வேலை, ரெண்டு பேரும் பேசாம இங்க வந்துடுங்க என்று சொன்னாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன், ஆனால் அதற்கு முன் இங்கே நடந்ததை முழுசாகக் கேள். நான் வேலை பார்த்த ஓட்டலை இடித்துவிட்டுப் பெரிய மாடி வீடுகள் கட்டுகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். நீ கிளம்பும்போது அங்கே வெறும் பள்ளம்தான் இருந்தது. இப்போது வந்து பார்த்தால் உன்னால் நம்ப முடியாது, முப்பது மாடி, முழுக்கக் கண்ணாடி, காலையில் ஒரு நிறம் சாயங்காலம் ஒரு நிறம். அது ஒன்று மட்டுமில்லை, பழைய மர டிப்போ இருந்த இடத்தில் இரண்டு, ஆற்றங்கரையில் நான்கு, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ. உன் அப்பா தினமும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலில் நின்று கிரேன் எண்ணுகிறார். நேற்றைய கணக்கு பதினொன்று. முப்பது வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டினேன், இது தலைநகரம்னு இப்பத்தான் நம்புறேன் என்கிறார்.

அதே கட்டடத்தில் எனக்குக் கிடைத்த வேலை என்னவென்று நீ சரியாகக் கேட்டதே இல்லை, மேஸ்திரி வேலைக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் போல. வீடு கட்டி முடித்து வாங்கினவர்களிடம் சாவி கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு வீடாகப் போய்க் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. இருபத்தாறு வருஷம் ஓட்டலில் ஒவ்வொரு அறையாகக் குறை கண்டுபிடித்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தர்றாங்கன்னா உன்னை யாரும் அடிச்சுக்க முடியாது என்று உன் அப்பா சொன்னார், அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கையில் ஒரு கட்டு நீல ஸ்டிக்கர் இருக்கும். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பார்ப்பேன், அடியில் சிமெண்ட் பிடிக்காமல் இருந்தால் சத்தம் டொக்கு என்று வரும், அங்கே ஒரு ஸ்டிக்கர். குளியலறையில் ஒரு கோலிக்குண்டை விடுவேன், தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்து அது உருள வேண்டும், வேறு பக்கம் உருண்டால் ஒரு ஸ்டிக்கர். என்னோடு இன்னொருவர், அவர் வயதும் என் வயதுதான், முன்னால் பிளம்பராக இருந்தவர், எல்லோருக்கும் அவர் குழாய்க்காரர்தான். சுவரில் காதை வைத்து உள்ளே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் முதல் நாள், கக்கூஸ் மூடி ஆள் வந்ததைப் பார்த்துத் தானாகத் திறந்துகொண்டதும் மனுஷன் இரண்டடி பின்னால் குதித்தார். வணக்கம் சொல்லுதுங்க, பயப்படாதீங்க என்றேன். அந்த வீடுகளை நீ பார்க்க வேண்டும் கண்ணா. கையைக் காட்டினால் தண்ணீர் வருகிறது, மொட்டைமாடியில் நீச்சல்குளம், வாசல் கூடத்துக்குள் நிஜ மரம் ஒன்று நிற்கிறது, செருப்புக்கென்று தனி அறை, அது நீ படித்த அறையைவிடப் பெரிசு. நமக்கு அதெல்லாம் ஆகாது, ஆனால் எல்லாவற்றையும் முதலில் தொட்டுப் பார்க்கிறவள் உன் அம்மாதான். வாங்கினவர்களுக்குக்கூட அப்புறம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் தொகுதியாக மேல்மாடி வீடுகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாவி கொடுப்பதாக ஏற்பாடு. என்னை மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள், அந்த மூன்று மாதமும் அதே வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. செவ்வாய்க்கிழமை இருபத்தாறாவது மாடியில் மேற்குப் பக்கத்து வீடு. எல்லாம் பளிச்சென்று இருந்தது, ஸ்டிக்கர் இரண்டுதான் ஒட்டினேன். கடைசியாகப் பால்கனி. கண்ணாடித் தடுப்பு, ஐந்து எஃகுக் கால்களில் நிற்கிறது. ஓட்டலில் பால்கனிக் கம்பியை நான் கையால் தட்டிப் பார்த்ததில்லை, முதுகைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளித்தான் பார்ப்பேன், விருந்தாளிகள் அப்படித்தானே சாய்வார்கள். இங்கேயும் தள்ளினேன். டிக் என்று ஒரு சத்தம், மோதிரம் கண்ணாடியில் பட்டால் வருமே அந்த அளவுதான். இன்னொரு தரம் தள்ளினேன், அதே சத்தம். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு காலின் அடியிலும் பளபளவென்று ஒரு மூடி. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து நெம்பினேன். உள்ளே போல்ட்டுக்கு நாலு ஓட்டை இருந்தது, போல்ட் இரண்டுதான் இருந்தது. அடுத்த கால், அதிலும் இரண்டு. ஐந்துக்கும் அப்படித்தான். அப்படியே உட்கார்ந்த வாக்கில் நகர்ந்து அறைக்குள் வந்துவிட்டேன்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டேன், அவரும் பார்த்தார். இரண்டு பேரும் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி மூடிகளைத் திறந்து பார்த்தோம். பத்தொன்பதிலிருந்து இருபத்தாறு வரை எட்டு மாடி, மாடிக்கு இரண்டு, மேற்குப் பக்கத்துப் பால்கனி பதினாறும் இப்படியேதான். கிழக்குப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. கண்ணாடி மாட்டினவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். பாவம், மறைக்கவில்லை. நாலு போடணும்னு எனக்குத் தெரியும்மா, அந்த வாரம் போல்ட் தீந்துபோச்சு, ரெண்டு போட்டு நிறுத்து, வந்ததும் மிச்சத்தப் போட்டுக்கலாம்னாங்க, அதுக்குள்ள என்னைக் கீழ்மாடிக்கு அனுப்பிட்டாங்க, மூடி போட்டது வேற ஆளு என்றார்.

தளத்துக்குப் பொறுப்பான எஞ்சினியரை எல்லோரும் தொப்பி என்போம், சாப்பிடும்போதுகூட அந்தப் பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றமாட்டார். நல்ல பையன்தான், ஆனால் அன்று அவர் முகம் நன்றாக இல்லை. ரெண்டு போல்ட்டே தாங்கும் அக்கா, வெள்ளிக்கிழமை சாவி குடுத்துட்டு, திங்கள்கிழமை ஆள விட்டு மாட்டிடலாம், நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க என்றார். தாங்குமென்றால் நாலு ஓட்டை எதற்கு என்று கேட்டேன். சனி ஞாயிறு இரண்டு நாள் நடுவில் இருக்கிறது தம்பி, புது வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் ஓடுவது பால்கனிக்குத்தான், அதுவும் கூட்டமாக என்றேன். அப்ப வேற யாரையாவது போடச் சொல்றேன் என்று தாளை எடுத்துக்கொண்டு குழாய்க்காரரிடம் போனார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குழாயப் பத்திக் கேளுங்க சொல்றேன், பால்கனிக்கு அந்தம்மா சொன்னதுதான் என்றாராம். அந்த மனுஷனுக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் மூன்று மாதம் முடிகிறது என்பதை மறந்துவிடாதே.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். வேலை போய்விடும் போலிருக்கிறது என்றேன். அவர் கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு முழுசாகக் கேட்டார், அதுவே பெரிய விஷயம். பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சா டிப்போவுல யாரு கத்தினாலும் நான் வண்டிய எடுத்ததில்ல, நீயும் எடுக்காத என்றார். அவ்வளவுதான், மறுபடி கிரிக்கெட். மறுநாள் காலையில் நான் நேராகக் கம்பெனி தலைமை அலுவலகத்துக்குப் போனேன். முதலாளி ஒரு அம்மாள், நான் அவரை விளம்பரப் பலகையில்தான் பார்த்திருக்கிறேன். வரவேற்பில் இருந்த பெண் முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும் என்றாள். நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரை உட்கார்ந்தேன். கடைசியில் அந்த அம்மாள் சாப்பிடப் போக வெளியே வந்தபோது எழுந்து நின்று, உங்க கட்டடத்துல குறை பாக்கறவ நான், ஒரு பத்து நிமிஷம் என்கூட வந்து ஒரு பால்கனியில கை வச்சுப் பாருங்க, அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன் என்றேன். என்ன தோன்றியதோ, சாப்பாட்டை விட்டுவிட்டுக் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இருபத்தாறாவது மாடியில் ஐந்து மூடியும் திறந்தே கிடந்தது. குனிந்து பார்த்தார், எண்ணினார், கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினார். அந்த டிக் சத்தம் கேட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு தொப்பியைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை யாருக்கும் சாவி கிடையாது, இந்தக் கட்டடத்துல மூடி போட்ட ஒவ்வொரு இடத்தையும் திறந்து காட்டணும், இவங்க கையெழுத்துப் போட்டாத்தான் சாவி வெளியே போகணும் என்றார். சத்தம் போடவில்லை. தொப்பி அன்றைக்குத்தான் முதன்முறையாகத் தொப்பியைக் கழற்றினார், தலை நன்றாக வழுக்கை, பாவம், அதற்குத்தான் அத்தனை நாளும் மறைத்திருக்கிறார்.

அதன்பிறகு பன்னிரண்டு நாள் வேலை. நூற்றறுபது போல்ட். கண்ணாடி மாட்டினவரே ஒவ்வொன்றாக முறுக்கினார், நான் பக்கத்தில் நின்று எண்ணினேன், குழாய்க்காரர் முறுக்கினதில் எல்லாம் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். நடுவில் திட்டும் வாங்கினேன். இருபத்திரண்டாவது மாடியை வாங்கின பல் டாக்டர், பழைய வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாமானோடு நிற்கிறேன், உன்னாலதான் எல்லாம் என்று வாசலில் வைத்துக் கத்தினார். நான் அவரை மேலே கூட்டிப்போய் அவர் பால்கனியில் ஒரு மூடியைத் திறந்து காட்டினேன், அப்போது அதில் இன்னும் போல்ட் மாட்டியிருக்கவில்லை. அவருக்கு மூன்று வயதில் இரட்டைப் பெண்கள். அந்த இரண்டு வெறும் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் பல் இலவசமாகப் பார்க்கிறேன் என்றார். எனக்குப் பல் எல்லாம் கெட்டி, உன் அப்பாவைத்தான் அனுப்ப வேண்டும்.

போன புதன்கிழமை சாவி கொடுத்தார்கள். வேலை செய்தவர்கள் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள், நான் உன் அப்பாவைக் கூட்டிப்போனேன். உன் அப்பாவுக்கு உயரம் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும், வீட்டில் பல்ப் மாற்றக்கூட ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டார். லிஃப்டில் காது அடைத்ததும் என் முழங்கையைப் பிடித்தவர், இருபத்தாறாவது மாடி வீட்டுக் கூடத்தில் சுவரோரமாகவே நடந்தார். நான் போய்ப் பால்கனியில் நின்றேன். வர வேண்டாம், அங்கிருந்தே பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் வாசல்படியில் நின்றார். ஒரு கால் வைத்தார், இன்னொரு கால் வைத்தார். இது நீ பாத்ததுதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். வந்து என் பக்கத்தில் நின்று, திரும்பி, முழு முதுகையும் அந்தக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தார். கண்ணா, கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் எனக்கு வாங்கிக்கொடுத்தது எதுவும் இதற்குச் சமமாகாது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான். வேலை நிரந்தரமாகிவிட்டது, குழாய்க்காரருக்கும்தான். ஆற்றங்கரையில் கட்டும் நாலு கட்டடமும் இனி எங்கள் கையெழுத்தில்தான் போகும். அதனால் உன்னோடு வந்து தங்கிவிடுவது இப்போதைக்கு இல்லை, ஒரு மாதம் லீவு போட்டு வருகிறோம், அப்பா இப்போதே பெட்டியை இறக்கித் தூசு தட்டி வைத்துவிட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி போனைப் பார்த்துக்கொண்டே தூங்காதே, குளிக்கிற வெந்நீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள், தோல் வறண்டுவிடும். எந்தக் கெடுதலும் உன் பக்கம் வராமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நீண்ட நாள் நிறைவாக இருக்க எங்கள் இருவரின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் வந்ததும் உன் வீட்டுப் பால்கனியில் கம்பியின் அடியில் மூடி இருக்கிறதா பார். இருந்தால் நெம்பு. நெம்பிப் பார்த்துவிட்டு எத்தனை என்று எனக்கு எழுது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா