ஆறடி வலை போதும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமாகவே நலம். ஏன் என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், நீ வேறு ஏதோ என்று பயந்துவிடுவாய்.

போன வாரம் நீ கூப்பிட்டாயே, தூண்டிலுக்கு இரை மீன் பிடிக்க மாப்பிள்ளை கடையிலேயே பெரிய, பன்னிரண்டு அடி வீச்சு வலையாகப் பார்த்து வாங்கி வந்தார், வீசினால் விரியவே மாட்டேன் என்கிறது, கடைசியில் பாறையில் மாட்டிக் கிழிந்தும் போச்சு, இனி எப்படிப்பட்டது வாங்குவது என்று. அப்போது அப்பா, நீ பேசுவது தனக்கும் கேட்கிற மாதிரி, பக்கத்திலேயே ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். பக்கவாதம் வந்து வலது கை துவண்டதிலிருந்து அவர் வாசலைத் தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியும். பேச்சு நன்றாகத் திரும்பிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்த கை, சட்டைப் பொத்தான் போட என்னை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம் அவருக்கு. நீ போனை வைத்து நான் அடுப்படிக்குப் போனதும், "பன்னண்டு அடி வலையா? மாப்பிள்ளைக்கு யாரு சொன்னா?" என்று குரல் கேட்டது. அடுப்பை அணைக்காமல் ஓடி வந்தேன். "ஆறடி போதும். எழுதிப் போடு அவளுக்கு" என்றார்.

அதனால் இது அப்பா சொன்னது, கேட்டுக்கொள். நடுவிலிருந்து ஓரம்வரை ஆறடி இருந்தால் பழகுகிற கைக்கு அடங்கும். வலைக் கண் உன் சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு இருக்கட்டும், அதைவிடப் பெரிதானால் சின்ன மீன் தலையை நுழைத்துக்கொண்டு செத்துப்போகும், ரொம்பப் பொடியானால் வலை மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் மீன் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஓரத்து ஈயக் குண்டுகள் நெருக்கமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார். கயிற்றுச் சுருக்கை மணிக்கட்டில் மாட்டுவதற்கு முன்னால் வளையல், மோதிரம் எல்லாம் கழற்றிவிடு. பாறை இல்லாத மணல் தரையாகப் பார்த்து, இடுப்பளவுத் தண்ணீரில் வீசு. குண்டு தரையைத் தொட்டபின் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். வாளியில் மீனை அடைக்காதே, நாலைந்து போதும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு.

இதையெல்லாம் எழுதும்போது கல்யாணமான புதிது ஞாபகம் வருகிறது. நான் தண்ணீரே பார்க்காத வீட்டில் வளர்ந்தவள். லீவு நாளில் என்னைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போய், தன் சாமர்த்தியத்தைக் காட்டுகிறேன் என்று உன் அப்பா வலையை வீசினார். அது சுருட்டின பாய் மாதிரி தொப்பென்று விழுந்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டேன். கோபப்படுவார் என்று பார்த்தால், அப்படியானால் நீ போடு பார்ப்போம் என்று வலையை நீட்டிவிட்டார். எனக்கு ரோஷம். மொட்டை மாடியில் சாக்கட்டியால் வட்டம் போட்டு, சாயங்காலம் சாயங்காலம் வீசிப் பழகினேன். பக்கத்து மாடி டைப்பிஸ்ட் அக்கா, இன்றைக்கு மாடியில் மீன் வந்திருக்கிறதா என்று தினம் விசாரிப்பாள். ஒரு நாள் வலை குடை மாதிரி முழுசாக விரிந்து, அவள் காயப்போட்ட புடவைகள் மேலேயே போய் உட்கார்ந்தது. அவள் திட்டினாள், உன் அப்பா கை தட்டினார். அன்றிலிருந்து வலை எனக்கு, தூண்டில் அவருக்கு. பெரிய மீனோடு வந்தவர் அவர் என்று தெருவே பேசும், அதற்குச் சின்ன மீன் பிடித்துக் கொடுத்தது யார் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவர் மட்டும் எல்லோரிடமும் சொல்லுவார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவராகவே செருப்பைத் தேடினார். பரண் மேலிருந்த வலையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனோம். ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டுதானே வீசவேண்டும், எனக்கு முன்பல் இரண்டு போயாச்சு. எப்படியென்று நான் முழிக்க, அவர் பக்கத்தில் வந்து நின்று இடது கையால் அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் உடம்பைத் திருப்பி வீசும் நேரம் பார்த்துப் பிடியை விட்டார். முதல் தடவை கோணல். அடுத்த தடவை ஏதோ முட்டை வடிவத்துக்கு விரிந்தது. அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கயித்த இழு. என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்று அதட்டினார் பார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன், உள்ளே இருந்த மீனெல்லாம் போயே போச்சு. வீடு வரும்வரை அதற்காக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வலையை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்து. மாப்பிள்ளையிடம் கிழிந்ததற்கு வருத்தப்பட வேண்டாம் என்று சொல், அதற்கு நான்தான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். இரண்டு பேரும் மனசு ஒத்து, நோய்நொடி இல்லாமல், நெடுநாள் நிறைவாக இருங்கள். இன்னொன்று, மறந்துவிடாதே. வருகிற வாரம் கூப்பிடும்போது என்னைக் கேட்காமல் அப்பாவையே கூப்பிட்டு எந்த அளவுத் தூண்டில் முள் வாங்குவது என்று கேள். அதற்கடுத்த வாரம் வேறு ஏதாவது. உனக்குத் தெரிந்ததாக இருந்தாலும் கேள்.

என்றும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா