யாருடைய பிள்ளையைக் காணோம்?

இன்று காலை எங்கள் ஊர் எமரால்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், கழுவிய கேரட்டின் ஈர மண்வாசனை மூக்கில் ஏறியது. தோழி, உன் ரத்தம் அந்தச் சேற்றில் கலந்த நாளிலிருந்து இந்த வாசனை எனக்கு ஆவதில்லை.

கல்லூரியில் தத்துவம் எடுத்தவர்கள் மொத்தமே ஒரு பெஞ்சுக்குத்தான் இருந்தோம். "அதப் படிச்சு என்ன பண்ணப் போற?" என்று உன் ஊர் காந்தலில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். "கேள்வி கேக்கப் போறனுங்க" என்று சிரிப்பாய். வகுப்பிலும் அப்படித்தான். பேராசிரியர் அறம், கடமை என்று ஒரு மணி நேரம் விரித்துப் பேசியிருப்பார். நீ எழுந்து ஒரு சின்னக் கேள்வி கேட்பாய். பாடம் அங்கேயே நின்றுவிடும்.

கடைசி வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாய். பிள்ளை பிடிக்கிறவர்கள் மலையில் திரிகிறார்கள் என்று எல்லார் செல்போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்த நேரம். உன்னை பஸ் ஏற்றிவிட வந்தேன். கேரட் கழுவும் இடத்தில் கூட்டம். வடக்கிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த ஒருவன் சேற்றில் மண்டியிட்டு, கிழிந்த உதட்டோடு கும்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரு சிறுமிக்கு மிட்டாய் கொடுத்தானாம். ஒருவன் அவன் விலாவில் உதைத்தான். இன்னொருவன் தலைமுடியைப் பிடித்துத் தொட்டிச் சுவரில் மோதினான்.

நீ கூட்டத்துக்குள் புகுந்தாய். போலீசுக்குப் போன் செய்துகொண்டே நானும் பின்னால் வந்தேன்.

"ஏனுங்க, யாரோட புள்ளையக் காணோம்?"

நீ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய்.

"சொல்லுங்க, யாரு ஊட்டுப் புள்ளையக் காணோம்?"

"எங்க ஊட்டுப் புள்ள இங்கதானுங்க இருக்குது" என்றாள் ஒரு அம்மா, மெதுவாக. உதைத்த கால்கள் நின்றன. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நீ குனிந்து அவனைத் தூக்கினாய். பின்னாலிருந்து ஒரு இளைஞன் அவனுக்கு ஓங்கிய இரும்புக் கம்பி உன் தலையில் இறங்கியது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. இரண்டாவது அடியைக் கை நீட்டி நான் வாங்கினேன். எலும்பு முறிந்தது. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகும்போது, மலை இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். அந்த ஆள் பிழைத்துக்கொண்டான்.

கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்ற என்னிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "எறந்துபோன பொண்ணுக்கு அந்த ஆளு என்ன ஒறவு?"

"ஒறவு இல்லீங்க. பேருகூடத் தெரியாது."

"அப்புறம் எதுக்கு நடுவுல போனாங்க?"

"அடிச்சிட்டிருந்தாங்க. அதுக்குத்தானுங்க போனா."

கம்பி ஓங்கியவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. வெளியே வந்தபோது அவன் அம்மா என் வழியை மறித்தாள். "எம்பையன் அப்படிப்பட்டவன் இல்லீங்க, கண்ணு" என்று அழுதாள். அவளை அறையக் கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டியபடி நின்றாள்.

நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்திருப்பாய். நீ இல்லை. நானே இறக்கிக்கொண்டேன்.

கை இறங்கியது, கோபம் இறங்கவில்லை. இன்றும் அதைச் சுமந்துகொண்டுதான் திரிகிறேன், யார் மேலும் இறக்கிவிடாமல்.