நெய்தலுக்கு வராத தண்ணீர்

செவ்வாய்க் கிரகம், வடதுருவப் பனிச்சுரங்கம். நாள் 611, காலை 07:10
உருக்கிய நீர் 90 டன். ஒப்பந்தப்படி ஐந்து நாட்டுக் குடியிருப்புகளுக்கும் குழாயில் அனுப்பினேன், எங்கள் ஊர் நெய்தலைத் தவிர. தொட்டி 'நிரம்பியது' என்று அளவுமானி சொன்னால் அந்த ஊர் வால்வு தானாக மூடிக்கொள்ளும். நெய்தலின் அளவுமானி ஆறு நாளாக அதையே சொல்கிறது. அங்கிருக்கும் என் தம்பி எழிலன், தொட்டி காலி என்கிறான். மிதவை உறைந்து மேலேயே ஒட்டியிருக்கிறது, வேறென்ன? வால்வைத் திறக்க மைய நகரத் தலைவர் ரூபெனின் குறியீடும் வேண்டும், என் கையும் வேண்டும். மூன்று முறை கேட்டுவிட்டேன்.

நாள் 613, 11:40
ரூபெனின் பதில்: "மதிவதனி, உங்க ஊருன்னா பதற்றமாத்தான் இருக்கும். ஆனா கருவிய நம்பித்தான் அஞ்சு நாடும் கையெழுத்துப் போட்டுச்சு. உங்க தம்பிய நம்பி இல்ல."
பின்னால் யாரோ சிரித்தார்கள். பதிவில் இருக்கிறது.

நாள் 619, 08:00
நெய்தலின் ஒலிபரப்பு நின்றுவிட்டது.

நாள் 655, 06:00
அறிக்கை வந்தது. நெய்தலில் உயிரோடு யாருமில்லை. காரணம், மிதவைக் கோளாறு. ரூபெனுக்குப் பதவி நீட்டிப்பு.
மைய நகரின் அளவுமானியில் இங்கிருந்தே ஒரு பொய்யை ஏற்றினேன். 'நிரம்பியது.' அவர்கள் வால்வும் மூடிக்கொண்டது. செம. நெய்தல் குழாயைப்போல் இதற்குச் சூடேற்றும் கம்பி இல்லை; நீர் ஓடும்வரைதான் உறையாது. எட்டு மணி நேரம் நின்றால் நானூறு கிலோமீட்டரும் பனிக்கட்டி. அப்புறம் யார் கெஞ்சினாலும் பயனில்லை.

09:30
ரூபென் குறியீட்டை அனுப்பிவிட்டு, தொட்டி வற்றுகிறது என்றார். நான் சொன்னேன்: "உங்க ஊருன்னா பதற்றமாத்தான் இருக்கும் சார். கருவி அப்படிச் சொல்லலையே."
நகரில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணிக்கை சொன்னார். நெய்தலில் எத்தனை என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

14:20
"அக்கா, எழிலன் பேசுறேன். உயிரோடதான் இருக்கேன், திட்டாத. மைய நகர் லாரிக்காரங்க எங்க பதினோரு பேர மண் லாரியில மறைச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. வெளியாளுக்குத் தண்ணி குடுத்தா தண்டனை, அதான் மூச்சு விடல. அவங்க பங்குலேருந்து ஆளுக்கு அரை லிட்டர் குடுக்குறாங்க. இப்ப இங்க குழாய் நின்னுடுச்சுக்கா. ரூபென் கேட்டா நீ திறக்க மாட்டியாமே. நான் கேக்குறேன்."

14:26
கைப்பிடியைச் சுற்றினேன். வால்வு திறந்துவிட்டது. நீர் நகரவில்லை.

16:05
சூடேற்றியோடு வெளியே நிற்கிறேன். நாலு மீட்டர் உருக்கினேன். பின்னால் திரும்பினால் மூன்று மீட்டர் மறுபடி உறைந்திருக்கிறது. எப்போது வரும் என்று எழிலன் கேட்டான். "வந்துட்டே இருக்குடா" என்றேன்.

16:50
அவனைக் காப்பாற்றிய லாரிக்காரி ஆஞ்செலாவிடம் மைக்கைக் கொடுத்தான்.
"அவசரமில்லம்மா, பாத்து வேல செய்யுங்க. ரெண்டு நாள் தாங்குவோம். நீங்க இருக்கீங்கன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."
அவள் காத்திருக்கிறாள். மைக்கை அணைக்காமல் சூடேற்றியை அடுத்த மீட்டருக்கு நகர்த்துகிறேன்.