மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவள்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் சளி விட்டதா? மாமாவின் கண் உறுத்தல் குறைந்ததா? போனை நீ எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

லாயத்தில் என் பொறுப்பில் இரண்டு சவாரிக் குதிரைகள். ஒன்று காயடித்த ஆண் குதிரை. யார் ஏறினாலும் அதற்கு ஒன்றுதான், தீனிக்குத் திரும்பினால் போதும். இன்னொன்று பெண் குதிரை, மூக்கின் மேல் கோபம். அவளைத் தடவிக்கொடுத்து, சேணத்தின் வயிற்றுப் பட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும்.

நேற்று அவசரத்தில், ஆண் குதிரைக்குச் செய்வதுபோல ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். அவள் மூச்சை அடக்கி வயிற்றை உப்பவைத்துக்கொண்டு நின்றாள். நான் ஏறியதும் மூச்சை விட்டாள். பட்டை தளர்ந்து சேணம் புரண்டது, நானும்தான். கால் மட்டும் மிதிவளையத்தில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தீனி வாளியின் சத்தம்! பக்கத்தில் நின்ற ஆண் குதிரை ஓடியே போய்விட்டது. இவள் அசையவில்லை. தலையைத் திருப்பி என்னையே பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

லாயக்காரர் வந்து காலை விடுவித்தார். "அவ ஓடியிருந்தா உன்னைக் கூட்டித்தான்யா அள்ளியிருக்கணும்" என்றார். பயப்படாதே, கீறல்கூட இல்லை. இன்று காலை அவள் என் கையிலிருந்து புல் தின்ற பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. முதுகுவலித் தைலம் மட்டும் ஒரு பாட்டில் அனுப்பு.

தீனி வண்டி வந்துவிட்டது. உன்னைக் கேட்காமல் லீவைத் தள்ளிப்போட்டது தப்புதான். கோபம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக் காதில் மட்டும் வை. பேச வேண்டாம், நீ மூச்சு விடுவது கேட்டால் போதும்.

விழுந்தும் முழுசாக இருக்கும்,
உன் வீட்டுக்காரன்