அட்டையில் எழுதாத வலி

அன்பு மகள் ஜெயலெட்சுமிக்கு,

பினாங்கிலிருந்து அம்மா சொல்லச் சொல்லத் தங்கை காமினி எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், கோத்தா கினபாலுவில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி தொடங்கும் பேரிடர்ப் பயிற்சிக்கு உன்னைத் தேர்ந்தெடுத்ததை வார்டு வார்டாகச் சொல்லிவிட்டேன், கூட்டுகிற வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னேன். நிலநடுக்கத்துக்குப் பழக்குகிறோம் என்று மலையேறச் சொன்னால் முன்னால் போகாதே, நடுவில் போ. மழையில் நனைந்தால் உடனே தலையைத் துவட்டு. பார்சலில் கறித்தூளும் கருவாட்டுச் சம்பலும் வைத்திருக்கிறேன், சம்பலை மற்றவர்கள் இருக்கும்போது திறக்காதே, மணம் போகாது.

அக்கா, இதுவரை அம்மா சொன்னது. சுகம் என்று எழுதச் சொன்னபோது அம்மாவின் கை இடது தாடைக்குப் போனதைக் கவனித்தேன். இப்போது அடுப்படியில் மிளகாய் வறுக்கிறார், அதனால் இனி நானே எழுதுகிறேன். போனில் உனக்குச் சொல்ல மாட்டேன் என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை அம்மா வேலை செய்யும் மருத்துவமனையில் தாதியருக்குப் பேரிடர்ப் பயிற்சி நடந்தது. பஸ் கவிழ்ந்ததுபோல் வைத்துக்கொண்டு, வேலையாட்களும் அவர்கள் வீட்டு ஆட்களுமாக இருபது பேரைக் கார் நிறுத்துமிடத்தில் படுக்க வைத்தார்கள். எங்கே அடி என்று எழுதிய அட்டை ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கியது. அம்மாவுக்கு வலது கால் முறிவு, கத்த வேண்டும். எனக்குக் கையில் சிராய்ப்பு, பேச வேண்டியதில்லை, அதனால்தான் அந்த அட்டையைக் கேட்டு வாங்கினேன். யாருக்காவது நிஜமாகவே உடம்புக்கு முடியாமல் போனால் “பெத்துல்” என்று மட்டும் சொல்லுங்கள், எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்று தலைமைத் தாதி ஹாஜரா முதலிலேயே சொல்லியிருந்தார். நிஜம் என்பதற்கு மலாய்ச் சொல்தானே, எல்லாருக்கும் புரியும் என்றார்.

ஆரம்பத்தில் அம்மா நன்றாகக் கத்தினார். பிறகு சத்தம் நின்றுவிட்டது. ஒரு இளம் தாதி அவர் காலில் மரச்சட்டம் கட்டிக்கொண்டே, “கத்துங்கலா ஆண்ட்டி, கால் ஒடஞ்சவங்க இப்படியா கம்முனு படுத்திருப்பாங்க?” என்று சிரித்தாள். அம்மா தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. கொஞ்சம் காத்திருக்கலாம் என்பதற்கான மஞ்சள் ரிப்பனைக் கட்டிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். பல்வலியாக இருக்கும் என்று நினைத்தேன், அக்கா. பக்கத்தில் பெரிய டாக்டர் தாதியருக்கு மார்க்குப் போடக் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒருத்தி நிறுத்தி அது பல்வலியாகப் போனால் எல்லாரும் என்னைத்தானே பார்ப்பார்கள் என்று பயந்தேன். மூன்று தாதிகள் கடந்து போனார்கள், மூன்று பேரையும் விட்டுவிட்டேன். கடைசியில் எழுந்து, பெட்டியிலிருந்து, உடனே பார்க்க வேண்டியவர்களுக்கான சிவப்பு ரிப்பனை எடுத்து அம்மா மணிக்கட்டில் கட்டினேன். உடனே ஹாஜரா வந்து, “தங்கச்சி, அடிபட்டவங்க ரிப்பனைத் தொடக்கூடாது” என்றார். “பெத்துல்” என்றேன். ஒரு தடவைதான் குரல் வந்தது. அவர் அம்மாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், தாடைக்கு வலி பரவுவதும் அதனால்தான், அடுத்த மாதம் ஐந்தாம் தேதி குழாய் விட்டுச் சாயம் செலுத்திப் படம் எடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு அம்மா, “அட்டையில காலுதானே போட்டிருந்துச்சு, நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னா அந்தப் புள்ளைங்க மார்க்கு போயிடாதா?” என்றார். இப்போது ஐந்தாம் தேதி போக மாட்டேன் என்கிறார். குழாய் விடுகிறார்கள் என்று தெரிந்தால் நீ பயிற்சியை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவாயாம், உன் பயிற்சி முடியட்டும், பிறகு பார்க்கலாமாம். மாத்திரை மட்டும் வேளைக்குச் சாப்பிடுகிறார். என் பேச்சை யார் கேட்பார்கள்? மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவளுக்கு வைத்தியம் என்ன தெரியும் என்கிறார். நீ தாதி, நீ சொன்னால் கேட்பார். நீ வர வேண்டாம் அக்கா, பயிற்சியையும் விட வேண்டாம். ஐந்தாம் தேதிக்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட்டுச் சொல், போதும்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாசி, என்ன எழுதினாய் என்று கேட்போம் என்றார். சம்பல் வரியோடு வாசிப்பதை நிறுத்தியிருக்கலாம். மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் இருமல் வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாவற்றையும் வாசித்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, உன் அக்கா நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், கருவாடு பத்திரம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். “கையெழுத்து எங்க போடணும்?” என்று கேட்டார்.

இடத்தைக் காட்டினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அஞ்சலை